22-ஆம் எண் குட்டித் தூண்டில் முள்ளில் நீட்டிய உடல்: கை கொடுங்கள்

வணக்கம். கொலராடோவின் சவுத் பிளாட் ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிக்கிறேன். கோடை முடிகிற நாட்களில், காலையில் டிரைக்கோ என்னும் சின்னஞ்சிறு பூச்சிகள் முட்டையிட்டுச் செத்து, இறக்கை விரித்தபடி மிதந்து வரும். அப்போது மீன்கள் வேறெதையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் முள்ளுக்குப் பின்னால் உடல் நீண்டிருக்கும் ட்ரை ஃப்ளை (நீர்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சி) கட்டப் பார்க்கிறேன்.

மணி கோக்கும் ஊசியில் மூன்று வால் இழைகளை வைத்து, மேலே நூல் சுற்றி, ஒரு சொட்டுப் பசை தொட்டு உருவுகிறேன். பாதி உடல்கள் உருவும்போதே வாலை உதிர்த்துவிடுகின்றன. தப்பியதை முள்ளில் கட்டினால் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. பசை கூடிவிட்டால் பின்பக்கம் கனத்து மூழ்குகிறது. ஃபோம் துண்டையும் வைத்துப் பார்த்தேன்; டிரைக்கோவுக்குப் பதில் குளவி மாதிரி வந்தது!

ஊசிக்கு முதலில் மெழுகு தடவ வேண்டுமா? 70 டெனியர் (நூலின் பருமன் அளவு) நூல் இதற்குத் தடிமனா? உடல் திருகாமலிருக்க எத்தனை சுற்று போடுகிறீர்கள்? முள்ளின் வாய் (தண்டுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அடைபடாமல் உடலை எந்த இடத்தில் கட்டுகிறீர்கள்? 'பேசாமல் முள்ளிலேயே சுற்று' என்பவர்களுக்கு: அதையும் செய்கிறேன், ஆனால் இந்தப் பிடிவாதம் விடமாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது.