நவம்பர் கடைசியில் ஸ்கீயிங்: வால் தோரன்ஸா, ஹின்டர்டுக்ஸா, செர்மாட்டா?

கேள்வி – நிலாமுற்றம்

வணக்கம். நாங்கள் நான்கு பேருக்கும் சேர்ந்து விடுமுறை அமைவது நவம்பர் கடைசி வாரத்தில்தான். ஆல்ப்ஸில் அப்போதுதான் சீசனே தொடங்கும் என்பதால் உயரமான இடங்களாகத் தேடி, தலைப்பில் உள்ள மூன்று ஊர்களில் (பிரான்ஸின் வால் தோரன்ஸ், ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், சுவிட்சர்லாந்தின் செர்மாட்) வந்து நிற்கிறேன். நானும் கணவரும் சிவப்புப் பாதையில் (கொஞ்சம் கடினமான சரிவு) தடுமாறாமல் இறங்கிவிடுவோம். பத்து வயது மகளும் என் தங்கையும் ஸ்கீயைக் காலில் மாட்டியதே இல்லை. அறைக்கு இப்போதே முழுப் பணமும் கட்ட வேண்டும், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. பனியை நம்பிக் கட்டலாமா? மூன்றில் எது?

பதில் – மலைக்காக்கை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் உயரம் பெரும்பாலும் மலைமேல் ஆளை ஏற்றிச்செல்லும் கடைசி லிஃப்டின் உச்சி. அதை விடுங்கள். புதிதாகக் கற்கும் இரண்டு பேரும் எந்த உயரத்தில் நிற்கப்போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வாரத்தை முடிவு செய்வது அதுதான்.

பனி மட்டும் போதுமென்றால் ஹின்டர்டுக்ஸை அடிக்க ஆளில்லை. பனியாறு (கோடையிலும் கரையாத பெரும் பனிக்கட்டிப் பரப்பு) என்பதால் வருஷம் முழுக்க ஓடும், உச்சி 3,250 மீட்டர். ஆனால் கொண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு) ஏறும் இடம் 1,500 மீட்டர்தான்; நவம்பரில் அங்கே பச்சைப் புல் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. காலையில் மேலே போய், மாலையில் அதே கொண்டோலாவில் இறங்க வேண்டிவரும். பலத்த காற்றடித்து லிஃப்டை நிறுத்திவிட்டால் குழந்தைக்குக் கீழே விளையாடக்கூடப் பனி இருக்காது. செர்மாட்டிலும் இதே சிக்கல். ஊர் 1,600 மீட்டர் சொச்சம். மேலே 3,883 மீட்டர் வரை கேபிள் கார் இருக்கிறது, நவம்பரில் நடமாட்டமெல்லாம் அந்தப் பனியாற்றுப் பக்கம்தான். முதல் நாளே தங்கையை அந்தக் குளிரில் கொண்டுபோய் நிறுத்தினால் மறுநாள் அவர் போர்வையை விட்டு வெளியே வரமாட்டார்.

வால் தோரன்ஸில் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது, கற்றுக்கொள்ளும் சரிவுகள் வாசலை ஒட்டி. உங்கள் கூட்டத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். திறக்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வழக்கமாக நவம்பர் பிற்பாதி. அப்புறம், 600 கிலோமீட்டர் பாதை என்று சொல்லி விற்கும், பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்தான மூன்று பள்ளத்தாக்கு லிஃப்ட் பாஸை எடுக்காதீர்கள். மெரிபெல், கூர்ஷவெல் பக்கம் டிசம்பரில்தான் திறக்கும். வால் தோரன்ஸுக்கு மட்டுமான பாஸ் போதும்.

பனி பெய்யாவிட்டாலும் எந்திரம் தூவும். அதற்குக் குளிர் மட்டும் கணக்கில்லை, காற்றின் ஈரமும் கணக்கு. வறண்ட காற்றென்றால் வெப்பமானி பூஜ்யத்தை ஒட்டி நின்றாலும் வேலை நடக்கும். ஈரக்காற்றென்றால் மைனஸ் 2, 3க்காவது இறங்க வேண்டும். எந்திரப் பனியை மட்டும் நம்பியிருக்கும் வாரத்தில் பழுப்புப் புல்லுக்கு நடுவே வெள்ளைத் துண்டு விரித்தாற்போல ஒரே பாதைதான் இருக்கும், ஊர் முழுக்க அதில்தான் இறங்கும். பதினொரு மணிக்குள் நடுப்பகுதி தேய்ந்து பளபளக்கும். சுரண்டப்பட்ட பனியெல்லாம் இரு ஓரத்திலும் குவிந்து கிடக்கும். ஓரமாகவே திரும்பித் திரும்பி இறங்குங்கள், ஸ்கீயின் விளிம்புக்கு நல்ல பிடி கிடைக்கும். லிஃப்ட் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவது இன்னும் நல்லது.

பதில் – கண்ணாடிக்காரன்

மலைக்காக்கை சொன்னது சரி. அந்த உயரத்தில் மரமே கிடையாது என்பதையும் யோசியுங்கள். மேகம் இறங்கினால் சரிவு எங்கே, வானம் எங்கே என்று தெரியாது. வெயிலுக்கான கறுப்புக் கண்ணாடி அன்று உதவாது. மஞ்சள் அல்லது ரோஜா நிற லென்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சொந்த ஸ்கீயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெல்லிய பனிக்கு அடியில் இருக்கும் கல் அடிப்பாகத்தைக் கீறிவிடும், வாடகைக்கு எடுப்பதே மேல். முதல் ராத்திரி தலை வலித்தால் பயப்படாதீர்கள், உயரம்தான் காரணம்; தண்ணீர் குடித்து, ஒயினைத் தள்ளிவையுங்கள். மறுநாளும் குறையாமல் வாந்தியும் வந்தால் கீழே இறங்கிவிடுங்கள்.

பதில் – நிலாமுற்றம்

இருவருக்கும் மிக்க நன்றி. வால் தோரன்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். அறைக்காரர் "பனிக்கு உத்தரவாதம்" என்கிறார், அதை நம்பலாமா? இன்னொன்று, பாதை நெருக்கடியாக இருந்தால் கணவர் பக்கத்துச் சரிவில் இறங்கிக்கொள்ளலாம் என்கிறார்.

பதில் – மலைக்காக்கை

உத்தரவாதத்தின் நிபந்தனையை வரி விடாமல் படியுங்கள். எத்தனை லிஃப்ட் மூடினால் பணம் திரும்பும் என்று எண்ணாகப் போட்டிருக்க வேண்டும். "ஒரு லிஃப்டாவது ஓடினால் பொருந்தாது" என்றிருந்தால் அது காகிதம்தான். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள். ஸ்கீ பள்ளியில் அந்த வாரம் குழந்தைகள் குழு நடக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள், சீசன் தொடக்கத்தில் தனிவகுப்பு மட்டும்தான் என்பார்கள்.

கணவரிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். திறக்காமல் மூடிவைத்திருக்கும் சரிவை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அக்டோபரில் விழுந்த பனி தெளிந்த இரவுகளின் குளிரில் சர்க்கரை மணலாக உதிர்ந்து கிடக்கும், அதன்மேல் புதுப்பனி விழுந்தால் ஒட்டாமல் மொத்தமாகச் சரியும். பனியாற்றுப் பக்கமென்றால் இன்னும் மோசம்: வெடிப்புகளின் மேல் இந்த மாதத்தில் மூடியிருப்பது மெல்லிய பனிதான், ஆள் எடையைத் தாங்காது. பல காப்பீடுகள் பாதைக்கு வெளியே நேரும் விபத்துக்குப் பணமும் தராது. மீட்பு ஹெலிகாப்டர் பில் உங்கள் தலையில்தான் விழும்.