வெப்சைட் விளம்பர வருமானத்தை வருமான வரியில் எப்படிக் காட்டுவது?

களுவாஞ்சிக்குடிச் சமையல்:
வணக்கம். நம்ம ஊர்ச் சமையல் குறிப்புகளுக்கென ஒரு வெப்சைட் நடத்துகிறேன். படிப்பவர்கள் பெரும்பாலும் கனடா, லண்டன், சுவிஸில் இருக்கும் நம் ஆட்கள்தான். வெப்சைட்டில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் அட்சென்ஸ் சேவையின் காசு டொலரில் வந்து பேங்கில் ரூபாயாக விழும். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 11 இலட்சம் வந்தது. கல்முனைக் கடை ஒன்றின் விளம்பரத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வேறாகக் கிடைக்கிறது. தனியார் கம்பெனியில் எனக்கு மாதச் சம்பளம் 80,000. அதில் வரி பிடிப்பதில்லை. வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லை என்று முன்பு சொன்னார்கள். இப்போதும் அப்படித்தானா? எல்லாவற்றையும் முறையாகக் காட்டிவிட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி அண்ணன்:
தங்கச்சி, அந்த விலக்கு 2025 மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த காசு வரிக்கு உட்பட்டது. வெளிநாட்டாருக்குச் சேவை செய்து, வெளிநாட்டு நாணயத்தில் பேங்க் வழியாக எடுக்கும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15%. கடை விளம்பரக் காசு அதில் சேராது. அது சாதாரண உள்ளூர் வியாபார வருமானம், ஆகவே இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே தனித்தனியாக எழுதி வையுங்கள்.

சம்பளத்தில் வரி பிடிக்காததற்குக் காரணம், மாதம் 150,000 தாண்டாததுதான். ஆனால் வரி போடுவது மொத்த வருமானத்துக்கு. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். சம்பளம் 960,000, அட்சென்ஸ் 1,100,000, கடை 120,000. டொமைன், ஹோஸ்டிங், இன்டர்நெட்டில் வெப்சைட்டுக்கான பங்கு எல்லாம் சேர்த்துச் செலவு 80,000 என்று வைத்தால் மிச்சம் 2,100,000. தனிநபர் நிவாரணம், அதாவது வருடத்துக்கு வரி போடாமல் விடும் தொகை, 1,800,000 போக வரிக்கு வருவது 300,000. முதல் 10 இலட்சத்துக்கு 6% என்பதால் வரி 18,000 ரூபாய். இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் தொகைக்கு 15% வரை போகவே போகாது.

களுவாஞ்சிக்குடிச் சமையல்:
மிக்க நன்றி அண்ணன். படம் எடுக்கச் சமைக்கும் இறால், நண்டுச் செலவையும் கழிக்கலாமா? லப்டொப் ஒன்றும் புதிதாக வாங்கினேன்.

சம்மாந்துறை நாநா:
தங்கச்சி, சமைத்ததைப் பிறகு வீட்டார் சாப்பிட்டால் அது வீட்டுச் செலவுதான். அதைக் கழிக்கப் பார்க்காதீர்கள், கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது. லப்டொப்பின் முழு விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, 5 வருடத்துக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். சொந்த வேலைக்கும் பாவித்தால் அந்தப் பங்கையும் விட்டுவிடுங்கள்.

ரூபாய்த் தொகைக்கு பேங்க் தரும் வரவுச் சீட்டுதான் ஆதாரம். அட்சென்ஸில் தெரியும் டொலரை நீங்களாக ஒரு விலையில் பெருக்கிப் போட வேண்டாம். இன்னொன்று. மார்ச்சில் உழைத்த காசு ஏப்ரல் கடைசியில்தான் பேங்குக்கு வரும். கையில் வந்த நாளை வைத்து எழுதினால் எல்லா வருடமும் அப்படியே எழுதுங்கள்.

கல்லடி அண்ணன்:
அமெரிக்க வரிப் படிவத்தையும் அட்சென்ஸ் கணக்கில் நிரப்பினீர்களா? வெப்சைட் விளம்பரத்தை கூகுள்காரர் சேவையாக எடுப்பார்கள். வேலை முழுவதும் இலங்கையில் செய்வதாக உறுதிப்படுத்தினால் அங்கே வரி பிடிக்க மாட்டார்கள். யூடியூப் அப்படியல்ல. அமெரிக்காவில் பார்ப்பவர்களால் வரும் பங்கில் பிடிப்பார்கள். பிடித்ததற்கான சீட்டைக் காட்டி, அதை இங்குள்ள வரியில் கழிக்கக் கேட்கலாம்.

களுவாஞ்சிக்குடிச் சமையல்:
நிரப்பிவிட்டேன். வரி செலுத்துபவருக்கான டின் நம்பரும் இருக்கிறது. எப்போது கட்ட வேண்டும்? 2025 மார்ச்சுக்கு முன் வந்ததை என்ன செய்வது?

சம்மாந்துறை நாநா:
2025/26 வரியில் மீதியாக இருப்பதை 2026 செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும். வருட வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் இறைவரித் திணைக்களத்தின் ரமிஸ் தளத்தில் ஒப்படைக்கலாம். உண்மையில் வருடத்துக்குள்ளேயே ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணையாகக் கட்டியிருக்க வேண்டும். தவறிய தவணைக்கு வட்டி ஓடும். அதனால் செப்டெம்பர் வரை காத்திருக்காமல் முழுத் தொகையையும் இப்போதே கட்டிவிடுங்கள். 2026/27 தவணைகளுக்கு ஓகஸ்ட் 15க்குள், வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் மதிப்பீட்டுக் கூற்றும் கொடுக்க வேண்டும்.

பழைய காசுக்கு வரி இல்லை. ஆனால் அந்த வருடத்துக்கு விபரத்திரட்டு கொடுக்க வேண்டியவராக இருந்தால், விலக்களிக்கப்பட்ட வருமானம் என்ற பகுதியில் அதைக் காட்ட வேண்டும். பேங்கில் கிடக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று நாளைக்குக் கேட்டால் அதுவே பதில். ரமிஸில் சிக்கினால் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

களுவாஞ்சிக்குடிச் சமையல்:
சரி நாநா. பேங்க் சீட்டுகளை நாளைக்கே எடுத்து, கடைக் காசை வேறு தாளில் எழுதுகிறேன்.