காதுகுத்தில் கறி சாப்பிடாத தாய்மாமன்: என்ன சொல்வது?

திருமங்கலத்தான்:
வணக்கம். ஆவணியில் பாண்டி கோயிலில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டு, கறி விருந்து. தாய்மாமன் நான்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். ஆனால் நான் கறியை விட்டு 4 வருடம் ஆகிறது.

சாமி, சாதி எதுவும் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் நேர்ந்துவிட்ட கிடாயை 2 வருடம் நான்தான் அகத்திக்கீரை, கருவை நெற்று போட்டு வளர்த்தேன். நான் வயலுக்குப் போனால் பின்னாலேயே வரும். வெட்டும் நாளில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தலையை உலுக்கியது, உத்தரவு கிடைத்துவிட்டது என்று குலவை போட்டார்கள். கயிற்றைப் பிடித்திருந்தது நான். அன்று பந்தியில் உட்கார்ந்தேன், சோற்றைப் பிசைந்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அவ்வளவுதான்.

"என்ன மாப்ள, ஐயராயிட்டியா?" என்று மச்சான் கேட்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன விசேஷத்தில் பெரியப்பா, "நாமெல்லாம் பாவம் பண்றோம்னு நெனைக்கிறான்" என்று சபையில் சொல்லிவிட்டார். அப்படி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இந்தத் தடவை என்ன செய்யட்டும்?

செல்லூர் அக்கா:
தம்பி, பந்தியை மட்டும் தவிர்க்காதீர்கள். "வயிறு சரியில்லை" என்று பொய்யும் வேண்டாம், அடுத்த விசேஷத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சமையல் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தனியாகக் கொஞ்சம் பருப்பும் ரசமும் வைத்துவிடுவார். விசாரிக்காமல் ரசம் ஊற்றிக்கொள்ளாதீர்கள், நம் பக்கம் கறி விருந்தில் பெரும்பாலும் எலும்பு ரசம்தான்.

உசிலம்பட்டி:
நான் நன்றாகக் கறி சாப்பிடுகிறவன். பெரியப்பா பக்கம் நின்று ஒன்று சொல்கிறேன். மதுரையில் நான் வீடு தேடியபோது "சைவம் மட்டும்" என்று பலகை போட்ட தெருக்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சாப்பாட்டைக் கேட்பது போலச் சாதியைக் கேட்டார்கள். அதையெல்லாம் பட்டவர்களுக்கு, நம் வீட்டுப் பையனே இலையில் கறி வேண்டாம் என்றால் அந்தப் பலகைதான் ஞாபகம் வரும். கோபம் உங்கள் மேல் இல்லை. நீங்கள் இங்கே எழுதியதை, அந்தக் கிடாயின் கதையை, பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? ஆடு வளர்த்தவர்களுக்கு அது புரியும். "சுத்த சைவம்" என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அப்போது நாங்கள் என்ன அசுத்தமா?

திருமங்கலத்தான்:
அண்ணே, உண்மையைச் சொன்னால் யாரிடமும் சொல்லவில்லை. ஆம்பளை ஆட்டுக்காக அழுதான் என்பார்களே என்று கூச்சம். அம்மாவிடம்கூட "பிடிக்கலை" என்றுதான் சொன்னேன். உடம்பு வற்றிப்போச்சு என்று அவர் வேறு தினமும் புலம்புகிறார்.

செல்லூர் அக்கா:
அம்மாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, சுண்டல், பயறு தினமும் சேருங்கள். வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது. பால், தயிரை விட்டுவிடாதீர்கள், ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து சீட்டை அம்மாவிடமே கொடுங்கள்.

திருமங்கலத்தான்:
நேற்று பெரியப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், சின்ன வயதில் அவர் வளர்த்த செவலைக் கிடாயைப் பற்றிச் சொன்னார். அதை வெட்டிய அன்று அவரும் சாப்பிடவில்லையாம். பந்தியில் தன் பக்கத்து இலையில் உட்காரச் சொல்லியிருக்கிறார். மச்சானிடம் இன்னும் பேசவில்லை.