லினக்ஸ் பதிப்பு உயர்த்தியதும் கோப்புகள் வேறு செயலியில் திறந்தால்

க்னோம் பயனர்:
பழைய அமைப்பு அழிந்துவிட்டதாக நினைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டாம். ஹோமில் உள்ள டாட்-கான்ஃபிக் அடைவில் எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்கும் என்று குறித்திருக்கும் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் அப்படியேதான் இருக்கும். அது சுட்டும் டெஸ்க்டாப் கோப்புதான், அதாவது செயலியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் சிறு கோப்புதான், காணாமல் போயிருக்கும். உபுண்டு 25.04இல் பிடிஎஃப் காட்டும் எவின்ஸ் செயலியின் இடத்துக்குப் பேப்பர்ஸ் வந்தது. எவின்ஸ் நீக்கப்பட்டால் அந்த வரிக்கு ஆள் இல்லை. உடனே பிடிஎஃப் திறப்பேன் என்று பதிந்துள்ள வேறொன்று, சில சமயம் கிம்ப், சில சமயம் லிப்ரேஆபிஸ் டிரா, முன்னே வந்து நிற்கும்.

முதலில் டெர்மினலில் 'எக்ஸ்டிஜி-மைம் குவெரி ஃபைல்டைப்' கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்துக் கோப்பின் வகையைப் பாருங்கள். பிறகு 'ஜிஐஓ மைம் அப்ளிகேஷன்/பிடிஎஃப்'. இயல்புச் செயலி எது, பதிந்தவை எவை என்று இரண்டையும் காட்டும். அதன் பிறகே 'எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட்' கட்டளையில் செயலியின் டெஸ்க்டாப் கோப்புப் பெயரையும் வகையையும் கொடுத்து மாற்றுங்கள். பெயரை ஊகித்து எழுதாதீர்கள். யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் பார்த்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் எடுங்கள்.

உபுண்டு 22.04 பயனர்:
உலாவிக்கும் இதே கதைதான். 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ், உபுண்டுவின் தனிப் பொதி வடிவமான ஸ்னாப் ஆனது. அதன் டெஸ்க்டாப் கோப்பின் பெயர் ஃபயர்ஃபாக்ஸ்_ஃபயர்ஃபாக்ஸ்; இருப்பதும் வார்/லிப்/ஸ்னாப்டி அடைவுக்குள். எச்டிஎம்எல்லை மட்டும் மாற்றினால் மின்னஞ்சலில் வரும் இணைப்புகள் சரியாகாது. இணைப்புகளை யார் திறப்பது என்று சொல்லும் எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர் வகையில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேடிஇ பயனர்:
கேடிஇ-மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்று தனிக் கோப்பு இருந்தால் அதற்கே முன்னுரிமை. பொதுக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் அசையாது. க்னோமுக்கும் அப்படியே. கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6இல் கையால் திருத்திய பின், செயலிப் பட்டியலைப் புதுப்பிக்கும் கேபில்ட்சைகோகா6 கட்டளையை ஓட்டுங்கள்.

விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்:
கோப்புறையைச் சொடுக்கினால் வட்டு அளவைக் காட்டும் பாவோபாப் திறக்கிறதா? அதுவும் கோப்புறைக்கான ஐநோட்/டைரக்டரி வகையைப் பதிந்திருக்கிறது. கோப்பு மேலாளர்களான நாட்டிலஸையோ துனாரையோ அந்த வகைக்கு வெளிப்படையாகக் குறியுங்கள்.

க்னோம் பயனர்:
இன்னொன்று, இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மைம்ஆப்ஸ்.லிஸ்டின் டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் பகுதியில் ஒரே வகைக்கு அரைப்புள்ளி இட்டு இரண்டு பெயர் எழுதலாம்: முதலில் பேப்பர்ஸ், அடுத்து எவின்ஸ். முதலாவது இல்லையென்றால் இரண்டாவது எடுத்துக்கொள்ளப்படும். அதே கோப்பில் விலக்கப்பட்ட செயலிகளைக் குறிக்கும் ரிமூவ்ட் அசோசியேஷன்ஸ் பகுதியையும் பாருங்கள்; வேண்டிய செயலி அங்கே சிக்கியிருந்தால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.