ஐரிஷ்காரர், சீனர், அமெரிக்கா: ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன்

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் 20 நிமிடம் பேச வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஐரிஷ், சீனக் குடியேறிகள் பட்ட பாடுதான் தலைப்பு. பாதி எழுதிய பிறகு நகரவே மாட்டேன் என்கிறது.

சிக்கல் இதுதான். 1844-இல் பிலடெல்பியாவில் ஐரிஷ் கத்தோலிக்கரின் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1877-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டம் கூட்டி, 'சீனர்கள் வெளியேற வேண்டும்' என்று முழங்கிய டெனிஸ் கியர்னி அயர்லாந்தின் கார்க் பகுதியில் பிறந்தவர். அடிபட்டவர்களே அடிக்கக் கிளம்பியது எப்படி?

'சீனர்கள் குறைந்த கூலிக்குப் போனார்கள்' என்று எழுதிப் பார்த்தேன். முழுசாக ஒட்டவில்லை. 1867 ஜூனில், சியரா நெவாடா மலையில் ரயில் பாதை போட்ட சீனர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி, வெள்ளையருக்கு இணையான கூலி கேட்டார்கள். கம்பெனி சாப்பாட்டுச் சாமான் வருவதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. (பக்கத்தில் ஐரிஷ்காரர்களும் நின்றிருந்தால்? சரி, அது வேறு கதை.)

அப்புறம் ஓட்டு. 1790 சட்டம் குடியுரிமையை வெள்ளையருக்கு மட்டும் வைத்தது. ஐரிஷ்காரருக்குக் கிடைத்தது, சீனருக்கு இல்லை. 1854-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி செல்லாது என்றது; கொலை வழக்கிலும்கூட. இது பொருந்துகிறது, ஆனால் கேட்பவர்களுக்குச் சட்ட வகுப்பு மாதிரி ஆகிவிடும்.

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882 சட்டத்தோடு பேச்சு முடிகிறது. 1844-க்கும் 1877-க்கும் நடுவே, இந்த மாற்றத்தைக் காட்ட எந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்?