‘ஹோல்ட் பேக்’னா என்ன? மேட்டூர் தண்ணியை நினைச்சுக்குங்க

திருவையாறு, மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துலேர்ந்து புதுசா வெளிநாடு வந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இதைச் சொல்லணும்.

நான் டொரண்டோ வந்த முதல் மாசம். மேலாளர் ஒரு திட்டத்தை விளக்கிட்டு, என்னைப் பார்த்து "டோன்ட் ஹோல்ட் பேக்"னாங்க. ‘பின்வாங்காதே’ன்னு புரிஞ்சுக்கிட்டு, "செஞ்சிடலாம்"னேன். அந்தத் திட்டத்துல ஒரு தப்பு இருந்தது எனக்குத் தெரியும். அவங்க கேட்டது அதைத்தான்: மனசுல இருக்கறதை அடக்காம சொல்லுன்னு. ரெண்டு வாரம் கழிச்சு மொத்த வேலையையும் திரும்பச் செஞ்சோம். இன்னிக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

மேட்டூர்ல 120 அடி வரைக்கும் தண்ணி நிக்கும். அது கீழே பாயத்தான் துடிக்கும், ஷட்டர்தான் பிடிச்சு வச்சிருக்கு. குறுவைக்கு ஜூன் 12 தொறப்பாங்களான்னு நம்ம ஊரே பார்த்துட்டு இருக்குமே, அந்த நிறுத்தி வைக்கிறதுதான் ‘ஹோல்ட் பேக்’. உள்ளேர்ந்து ஒண்ணு தள்ளணும். காஞ்ச வாய்க்கால்ல மடையை அடைச்சா இந்தச் சொல் பொருந்தாது. அதனாலதான் அழுகை, கோபம், சிரிப்பு, உண்மை இதுங்களோட இது அதிகம் வருது.

"ஐ ஹெல்ட் பேக் மை டியர்ஸ்", "ஐ ஹெல்ட் மை டியர்ஸ் பேக்" ரெண்டும் சரி. ஆனா ‘இட்’, ‘தெம்’ வந்தா நடுவுலதான் வைக்கணும்: "ஐ ஹெல்ட் தெம் பேக்". ‘ஹோல்ட் அப்’ வேற, அது தாமதமாக்குறது.

பிள்ளையோட ஸ்கூல்ல "ஹெல்ட் பேக்"னு சொன்னா, அதே வகுப்புல இன்னொரு வருஷம்னு அர்த்தம். ஒன்டாரியோவுல கட்டட வேலைக்கு சப் கான்ட்ராக்ட் எடுக்கறவங்களுக்கு, பில்லுல 10 சதவீதத்தைச் சட்டப்படி நிறுத்தி வச்சு அப்புறமாத்தான் தருவாங்க. அதுக்குப் பேரே ‘ஹோல்ட்பேக்’. ஏமாத்துறாங்கன்னு பதறிடாதீங்க.

பெரியவங்க பேசுறப்ப வாயை மூடிக்கிறதுதான் மரியாதைன்னு வளர்ந்தவங்க நாம. ஊர்ல சித்தப்பா பெரியப்பா முன்னாடி அது அழகு, அதை விட்டுடுங்கன்னு சொல்ல மாட்டேன். இங்க மீட்டிங்ல பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க, இல்ல விஷயம் தெரியலைன்னு நினைப்பாங்க. அடுத்த தடவை யாராவது "டோன்ட் ஹோல்ட் பேக்"னா, "ஐ ஹேவ் ஒன் கன்சர்ன்"னு ஆரம்பிங்க. இலக்கணம் தப்பினாலும் பரவாயில்ல, மிச்சத்தை அவங்களே கேட்டு வாங்கிக்குவாங்க.