ஊரை ஒட்டி வரும் மனைப்பிரிவு: கிராம சபையில் என்ன கேட்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம், சின்ன ஊராட்சி. ஊருக்கு மேற்கே இருந்த புஞ்சைக் காட்டை வாங்கி, கல் நட்டு, கலர் கொடி கட்டி மனை விற்க ஆரம்பித்துவிட்டார்கள், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி உண்டு என்று போர்டும் நிற்கிறது. வீடு வரட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் போகிற ஓடை அந்த மனைகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது, இப்போது பாதி தூரம் மண் போட்டு மூடியாகிவிட்டது.

விவசாய நிலத்தை மனையாக்க 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி அனுமதி வேண்டும், 2017-ல் அதற்குத் தனி விதிகளும் வந்தன என்பது வரை படித்துவிட்டேன். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் மேலே முடிஞ்சிருச்சு" என்கிறார்கள். (மேலே என்றால் எங்கே என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.)

அக்டோபர் 2 கிராம சபையில் இதை வைக்கப் போகிறோம். புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) கையில் இருக்கிறது, ஓடை புறம்போக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. தீர்மானத்தை எப்படி எழுதினால் பின்னால் தட்டிக்கழிக்க முடியாது? அனுமதித்த வரைபடத்தையும் நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க, மனுவை ஊராட்சி ஒன்றியத்துக்கு அனுப்பணுமா, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கா? அப்புறம் பூங்காவுக்கு விடவேண்டிய 10 சதவீத இடத்தை ஊராட்சி பெயருக்கு எழுதிக் கொடுத்தார்களா என்று எதில் பார்ப்பது? இதைச் செய்து பார்த்தவர்கள், முக்கியமாக வார்டு உறுப்பினராக இருந்தவர்கள், கொஞ்சம் சொல்லுங்கள். தீர்மான மாதிரி இருந்தால் இங்கேயே போடுங்கள்.